தீயும் திருப்பணியும்
(யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் சரித்திரம் தரும் பாடம்)

சோழகக் காற்று வீசும் மாதங்களில் ஓலைவீடொன்று தீப்பற்றிக்கொண்டால் முற்காலத்து யாழ்ப்பாணக் கிராமங்களில் என்ன நடந்தது என்பதை நம் பெரியோர் நன்கு அறிவர். கிணற்றடியிலிருந்து தண்ணீர் கொண்டு ஓடுவோர் ஒருபுறம்; அயல்வீட்டுக் கூரைக்குத் தீ தாவாதபடி ஓலையைப் பிரித்தெறிவோர் மறுபுறம். தீ அடங்கியபின் ஒருவர் கிடுகு கொண்டுவருவார். ஒருவர் பனைமரம் கொடுப்பார். ஒருவர் ஒரு கடகம் நெல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமற் போவார். அழைப்பிதழ் இல்லை, தலைவர், காரியதரிசி, தனாதிகாரி என்ற தெரிவும் இல்லை. ஆயினும் சில நாட்களுக்குள் வீடு எழும்பிவிடும்.

ஒரு வீடு எரிந்தால் இந்த வழக்கம் போதும். ஊர் முழுவதற்கும் பொதுவான பொருளொன்று எரிந்தால் இது போதுமா? வீட்டுக்கு வேயும் ஓலை அடுத்த வளவுப் பனையில் இருக்கின்றது. எரிந்துபோன நூலுக்கு மாற்று எங்கே இருக்கின்றது? துக்கத்தின் சூட்டிலே கொடுக்கும் பணம் சுவரை எழுப்பும்; அந்தச் சுவருக்குள்ளே உயிர் மீண்டும் வருவதற்கு எத்தனை ஆண்டுகள் செல்லும்? இக்கேள்விகளுக்கு விடைதேட நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. நீர்வேலியிலிருந்து ஏறக்குறைய ஆறு மைல் தூரத்திலே வெள்ளை நிறத்துடன் நிற்கும் யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் சரித்திரமே அதற்குப் போதிய சான்றாகும்.

அந்நூலகம் எரிக்கப்பட்ட கதையை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். அது சேர்க்கப்பட்ட கதையையும், எரிந்தபின் மீட்கப்பட்ட கதையையும் அவ்வளவாகக் கேட்டதில்லை. ஆதலால் இக்கட்டுரை பின்னைய இரண்டையுமே சிறப்பாக எடுத்துப் பேசுகின்றது.

பிடியரிசியின் வழி

பொதுக்காரியத்துக்குப் பொதுமக்களிடம் சிறிது சிறிதாகச் சேர்த்தல் நமக்குப் புதிய வழக்கமன்று. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது அதற்கு அரசினர் உதவி இருந்ததில்லை. வீடுதோறும் பிடியரிசி சேர்த்து அவ்வித்தியாசாலையை நடத்தினார் என்பது நம்மவர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை நாள்தோறும் புறம்பாக எடுத்து வைப்பது எந்த ஏழைக்கும் இயலும். 1877ஆம் ஆண்டு பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு உணவளித்த அறத்திலும் அவர் முன்னின்றார்.

பிடியரிசியின் சிறப்பு அதன் அளவில் இல்லை; அது நாள்தோறும் நடப்பதில் இருக்கின்றது. ஒருநாள் ஒரு மூடை நெல் கொடுப்பவர் அன்றோடு அக்காரியத்தை மறந்துவிடலாம். நாள்தோறும் ஒரு பிடி எடுத்து வைக்கும் வீட்டுக்காரியோ அப்பள்ளிக்கூடத்தை ஒருநாளும் மறக்க முடியாது. பின்வரும் சரித்திரத்தைப் படிக்கும்போது இந்த வேற்றுமையை நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

844 நூல்களுடன் தொடக்கம்

யாழ்ப்பாணத்திலே எல்லோரும் பணம் கொடாமல் வாசிக்கத்தக்க ஒரு நூல்நிலையம் வேண்டும் என்று எண்ணியவர் திரு. க. மு. செல்லப்பா என்பவர். அவர் நீதிமன்றத்திலே உத்தியோகம் பார்த்தவர், பெருந்தனவந்தரல்லர். 1933ஆம் ஆண்டு தமது வீட்டிலேயே இலவச நூல்நிலையமொன்றை ஆரம்பித்தார். அவ்வளவில் நில்லாது, யாழ்ப்பாணத்துக்கு ஒரு மத்திய இலவசத் தமிழ் நூல்நிலையம் வேண்டுமென்று பொதுமக்களுக்கு விண்ணப்பமும் விடுத்தார்.

அவ்விண்ணப்பம் வீண்போகவில்லை. 1934ஆம் ஆண்டு யூன் மாதம் 9ஆந் தேதி யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே கூட்டமொன்று நடைபெற்றது. நீதிபதி சி. குமாரசுவாமி அவர்கள் தலைவராகவும், வண. ஐசாக் தம்பையா அவர்கள் உபதலைவராகவும், திரு. செல்லப்பாவும் திரு. சி. பொன்னம்பலமும் இணைக்காரியதரிசிகளாகவும் தெரிவுசெய்யப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் 1ஆந் தேதி ஆஸ்பத்திரி வீதியிலே வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் நூல்நிலையம் திறக்கப்பட்டது. அன்று அங்கே இருந்தவை 844 நூல்களும், முப்பது வரையிலான பத்திரிகைகளும் சஞ்சிகைகளுமே. அடுத்த ஆண்டு, 1935இல், பட்டின சபை அதன் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

நான் கல்வி கற்றது மிசன் பாடசாலையொன்றிலே. எழுதுவதோ இந்து இளைஞர் மலரிலே. ஆதலால் இச்சபையின் அமைப்பு என் கண்ணில் முதலிற் படுகின்றது. சைவர்களும் கிறிஸ்தவ குருவானவரும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து ஒரே காரியத்துக்காக உழைத்திருக்கின்றனர். சமய வாதங்கள் நிறைந்திருந்த நம் நாட்டிலே, நூல் என்று வந்தபோது எல்லோரும் ஒருகை கொடுத்தனர். இன்றும் நூலகத்தின் முன்னே சரசுவதி தேவியின் உருவம் வீற்றிருக்கின்றது. அதே வளவிலே கத்தோலிக்கத் துறவியாகிய லோங் அடிகளாரின் சிலையும் நிற்கின்றது. அத்துறவியாரின் கதை இனி வருகின்றது.

கட்டடம் எழுந்த விதம்

நூல்கள் பெருகின, இடம் போதவில்லை. 1949ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் மாநகரசபையாயிற்று. அதன் முதல் மேயரான திரு. சாம் சபாபதி அவர்கள் 1952ஆம் ஆண்டு பிரமுகர்களைக் கூட்டி, நிரந்தரமான கட்டடமொன்றை எழுப்புவதென்று தீர்மானித்தார். அர்ச். சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக விளங்கிய அயர்லாந்துத் துறவி லோங் அடிகளார் இம்முயற்சிக்கு வலக்கரமாக நின்றார். நூல்நிலையக் கலையிலே பாரதநாட்டின் பேராசானாகிய எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களின் ஆலோசனை பெறப்பட்டது. சென்னையிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் கே. எஸ். நரசிம்மன் அவர்கள் திராவிட அமைப்பில் வரைபடம் தயாரித்தார். 1954ஆம் ஆண்டு மார்ச் 29ஆந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது.

அடிக்கல் நாட்டுவது ஒரு நாள் வேலை. அதன்மேற் சுவர் எழுப்புவதற்குப் பணம் வேண்டும். யாழ்ப்பாணத்தார் இங்கேதான் தம் திறமையைக் காட்டினர். களியாட்டு விழாக்கள் நடத்தினர். நடன நிகழ்ச்சிகள் வைத்தனர். அதிட்டலாபச் சீட்டு விற்றனர். ஒரு சீட்டு வாங்கியவருக்குப் பரிசு விழாமற் போனாலும் நூலகத்திலே தமக்கு ஒரு கல் உண்டு என்று சொல்லிக்கொள்ள இடமிருந்தது. 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் தேதி அப்போதைய மேயர் திரு. அல்பிரட் துரையப்பா அவர்கள் நூலகத்தைத் திறந்துவைத்தார்.

கூட்டம் கூடியது 1952இல். கதவு திறந்தது 1959இல். இடையிலே ஏழு ஆண்டுகள். தொடங்கிய மேயர் வேறு. திறந்துவைத்த மேயர் வேறு. ஆட்கள் மாறியபோதும் காரியம் நின்றுவிடவில்லை. பொதுக்காரியம் ஒரு மனிதனின் பெயரோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அம்மனிதன் விலகும்போது காரியமும் விலகிவிடும். நம் முன்னோர் அதனைச் சபையின் காரியமாகவும் ஊரின் காரியமாகவும் ஆக்கினர். ஆகையால் அது முடிந்தது.

ஓர் இரவு

1981ஆம் ஆண்டு யூன் 4ஆந் தேதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்கவிருந்தது. அதற்கு முன், மே 31ஆந் தேதி யாழ்ப்பாணத்தில் நடந்த தேர்தற் கூட்டமொன்றிலே பொலிசார் சுடப்பட்டனர். அதனைத் தொடர்ந்து பொலிசாரும் அவர்களுடன் சேர்ந்த காடையரும் நகரிலே வன்செயலில் இறங்கினர். கடைகள் எரிந்தன, ஈழநாடு பத்திரிகைக் காரியாலயம் எரிந்தது, புத்தகசாலை எரிந்தது, பாராளுமன்ற உறுப்பினரின் வீடு எரிந்தது. யூன் 1ஆந் தேதி இரவு பொதுசன நூலகமும் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடிருந்த ஏட்டுச்சுவடிகளும் பழைய பத்திரிகைத் தொகுதிகளும் சாம்பராயின. அத்தீயைத் தூரத்திலிருந்து கண்ட பன்மொழிப் புலவர் வண. தாவீது அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார்.

இங்கே ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 1934இல் 844 நூல்கள். 1981இல் 97,000 நூல்கள். இடைப்பட்ட காலம் 47 ஆண்டுகள். சராசரியாக ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்குச் சற்று அதிகம். நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு நூல்கள். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நாற்பத்தேழு ஆண்டுகளாக நாளுக்கு ஐந்தாறு நூலாகச் சேர்ந்த செல்வத்தை அழிப்பதற்கு ஓர் இரவு போதுமாயிருந்தது. பிடியரிசி சேர்த்து நிறைத்த குதிர் ஒரே தீயிலே போயிற்று.

முதல் மீட்பு

நூலகம் எரிந்தபின் நம் மக்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. 1982ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலக வாரம் கொண்டாடப்பட்டது. வீட்டிலிருந்த நூல்களை மக்கள் கொண்டுவந்து கொடுத்தனர். ஆயிரக்கணக்கான நூல்கள் சேர்ந்தன. கட்டடக்கலைஞர் வீ. எஸ். துரைராசா அவர்கள் புதிய பகுதிக்கு வரைபடம் தயாரித்தார். 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரம் நாட்டையே உலுக்கியபோதும் வேலை நின்றுவிடவில்லை; 1984ஆம் ஆண்டு நூலகம் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

ஆனால் நூலகம் நிற்கும் இடமோ கோட்டைக்கு அருகிலுள்ளது. கோட்டையிலே இராணுவத்தினர், சுற்றிலும் போராளிகள். 1985ஆம் ஆண்டு நூலகம் மறுபடியும் தாக்கப்பட்டது. மக்கள் கொண்டுவந்து கொடுத்த நூல்களிலும் பல அழிந்தன. அதன்பின் பல ஆண்டுகளாக அக்கட்டடம் குண்டு துளைத்த சுவர்களோடும் கரிபடிந்த தூண்களோடும் பாழாய்க் கிடந்தது.

முதல் மீட்பு தோல்வியுற்றது என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. கொடுத்தவர்களிடத்தில் குறையில்லை, சேர்த்தவர்களிடத்திலும் குறையில்லை. சமாதானமில்லாத இடத்திலே எந்த மீட்பும் நிலைக்காது என்பதையே அது காட்டியது. நாற்றுமேடைக்கு வேலி இல்லாதபோது எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் என்ன பயன்?

கல்லும் நூலும்

இரண்டாம் மீட்பு 1990களின் பிற்பகுதியில் வந்தது. சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அவர்களின் அரசாங்கக் காலத்திலே, 'ஒரு நூலும் ஒரு செங்கல்லும்' தாருங்கள் என்று நாடு முழுவதிலும் கேட்கப்பட்டது. தென்னிலங்கையிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் உதவி வந்தது. 1998இல் வேலை தொடங்கி 2001இல் கட்டடம் பெரும்பாலும் நிறைவுற்றது. ஏறத்தாழப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் செலவாயிற்று; 25,000க்கு மேற்பட்ட நூல்கள் சேர்ந்தன. கட்டடத்தின் பழைய தோற்றம் அப்படியே மீட்கப்பட்டது.

ஆயினும் இந்த உதவியை எல்லோரும் ஒரே மனத்தோடு வரவேற்கவில்லை. எரிந்த சுவர்களைச் சாட்சியாக அப்படியே விட்டுவிட வேண்டும். அவற்றுக்கு வெள்ளை பூசினால் நடந்த கொடுமையும் பூசி மறைக்கப்பட்டுவிடும் என்றனர் ஒரு சாரார். பிள்ளைகளுக்குப் படிக்க இடமில்லை. சாட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாற் கல்வி வருமா என்றனர் மற்றொரு சாரார். 2003ஆம் ஆண்டு பெப்ரவரியிலே திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கப்பட்டபோது விடுதலைப் புலிகள் அதனை எதிர்த்தனர், மேயர் திரு. செல்லன் கந்தையன் அவர்களும் மாநகரசபை அங்கத்தவர்களும் பதவி விலகினர், விழா நடைபெறவில்லை. பின்னரே நூலகம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இந்த இரு சாராரின் வாதத்தையும் இகழ்ந்து தள்ளிவிடுதல் தகாது. எரித்ததற்குப் பொறுப்புச் சொல்லாமல் கட்டித்தர முன்வரும் கையை நம்பத் தயங்குவது மனித இயல்பே. 2016ஆம் ஆண்டு டிசம்பரிலேதான் அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க அவர்கள் பாராளுமன்றத்திலே அச்செயலுக்காக மன்னிப்புக் கேட்டார். தீ மூட்டப்பட்டு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு! எனினும் என் தாழ்மையான அபிப்பிராயம் இது: சுவரைச் சாட்சியாக வைத்திருப்பதிலும், சரித்திரத்தை எழுத்திலே சாட்சியாக வைத்திருப்பதே சிறந்தது. சுவர் மழையிற் கரையும். எழுதி வைத்த வரலாற்றையோ பத்து இடங்களிலே பத்துப் பிரதிகளாக வைத்திருக்கலாம். கட்டடக்கலைஞர் துரைராசா அவர்கள் நூலகம் எரிந்ததையும் எழுந்ததையும் நூலாக எழுதிவைத்தமை இவ்வகையிலே பெருந்தொண்டாகும்.

பிறதேசத்து உதாரணங்கள்

இத்தகைய துயரும் இத்தகைய வாதமும் நமக்கு மட்டும் உரியவையல்ல. பெல்ஜிய தேசத்திலே லூவேன் என்னும் பழைய சர்வகலாசாலை நகரம் ஒன்றுண்டு. முதலாம் உலக யுத்தத்தின் தொடக்கத்தில், 1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆந் தேதி இரவு, ஜேர்மானியப் படையினர் அச்சர்வகலாசாலையின் நூலகத்தை எரித்தனர். ஏறத்தாழ மூன்று இலட்சம் நூல்கள் அழிந்தன. இங்கிலாந்திலே மான்செஸ்டர் நகரத்து ஜோன் றைலண்ட்ஸ் நூலகத்தார் யுத்தம் முடியும்வரை காத்திராமல் உடனேயே நூல் சேர்க்கத் தொடங்கி, பல ஆண்டுகளாகத் தொடர்ந்து 55,000க்கு மேற்பட்ட நூல்களைச் சேர்த்து அனுப்பினர். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தன. அவற்றின் பெயர்களை இன்றும் அக்கட்டடத்துக் கற்களிலே காணலாம்.

அங்கேயும் சாட்சி பற்றிய வழக்கொன்று எழுந்தது. ஜேர்மானியரின் ஆவேசத்தால் அழிந்து அமெரிக்கரின் கொடையால் எழுந்தது என்ற கருத்துடைய வாசகத்தை முகப்பிலே பொறிக்கவேண்டும் என்றார் அமெரிக்கக் கட்டடக்கலைஞர். பகையைக் கல்லிலே எழுதிவைக்க வேண்டாம் என்று மறுத்தார் சர்வகலாசாலை அதிபர். 1928ஆம் ஆண்டு யூலை 4ஆந் தேதி அவ்வாசகம் இல்லாமலே நூலகம் திறக்கப்பட்டது. ஆனால் 1940ஆம் ஆண்டு மே மாதத்திலே இரண்டாம் உலக யுத்தத்தில் அதே நூலகம் மறுபடியும் தீக்கிரையாயிற்று; இம்முறை ஏறத்தாழ ஒன்பது இலட்சம் நூல்கள்! யுத்தத்தின் பின் அதனை மூன்றாம் முறையாக நிரப்பினர். இருமுறை அழிந்த நம் நூலகத்தின் கதையை அறிந்தவர்களுக்கு லூவேன் நகரத்தார் உறவினராகவே தோன்றுவர்.

இன்னொரு உதாரணம் மனிதர் மூட்டிய யுத்தத்தீயைப் பற்றியதன்று, காட்டுத்தீயைப் பற்றியது. நம்மவர் பலர் குடியேறி வாழும் ஆஸ்திரேலியாவிலே, விக்டோரியா மாநிலத்தில், 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் தேதி மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் இறந்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. செஞ்சிலுவைச் சங்கத்துடன் இணைந்து தொடங்கப்பட்ட நிதிக்கு ஏறத்தாழ நாற்பது கோடி ஆஸ்திரேலிய டொலர் சேர்ந்தது. அப்பணம் முழுவதும் முதல் மாதத்திலேயே பங்கிடப்படவில்லை. ஒரு பகுதி உடனடித் தேவைக்கும், ஒரு பகுதி வீடு கட்டுவதற்கும், ஒரு பகுதி ஊர்மண்டபம் முதலிய பொது வேலைகளுக்கும், ஒரு பகுதி துயருற்றோருக்கு ஆறுதலும் ஆலோசனையும் வழங்குவதற்குமாகப் பல ஆண்டுகளாகச் செலவிடப்பட்டது.

மெல்பேண் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் அவ்வூர்களைப் பத்தாண்டு காலம் தொடர்ந்து ஆராய்ந்தனர். பெரும்பாலோர் மெல்ல மெல்ல மீண்டனர். ஆயினும் பத்தாண்டுக்குப் பின்னும் ஒரு சாராரின் மனக்காயம் ஆறவில்லை. ஊர்ச்சங்கங்களிலே சேர்ந்து இயங்கியோரின் மனநலம் ஒப்பளவிற் சிறந்திருந்தது என்பதும் அவ்வாராய்ச்சியின் முடிவுகளுள் ஒன்று. நம் மன்றத்தைப்போன்ற சிறு சங்கங்களுக்கு இது ஊக்கமளிக்கும் செய்தியன்றோ? மாலையில் நாலுபேர் கூடிப் பேசுவதும், ஒன்றாய்ப் பந்தல் போடுவதும், ஒரு மலர் வெளியிடுவதும் வெறும் பொழுதுபோக்கல்ல; துயர் வரும் காலத்துக்கு முன்கூட்டியே சேர்த்து வைக்கும் முதல் அவை.

சேர்ப்பதும் மீட்பதும்

இச்சரித்திரத்திலிருந்து நான் கண்ட பாடம் ஒன்றே: பணம் சேர்ப்பது மீட்பின் வாசற்படி மட்டுமே, வீடு அதற்கு அப்பால் இருக்கின்றது.

தீ மூண்ட மறுநாள் எவரிடமும் பணம் கேட்கலாம், எல்லோரும் கொடுப்பர். ஆறாம் மாதத்திலே பத்திரிகைகள் வேறு செய்தியைப் பேசும். மூன்றாம் ஆண்டிலே, 'இன்னுமா சேர்க்கிறீர்கள்?' என்று கேட்பர். பத்தாம் ஆண்டிலே சேர்ப்பவரும் களைத்திருப்பார். மெய்யான தேவையோ அப்போதுதான் வெளிப்படும். கட்டடம் இருக்கும், நூல் வாங்கப் பணம் இராது. நூல் இருக்கும், அட்டை கட்டவும், பட்டியல் எழுதவும், கறையானிடமிருந்து காக்கவும் ஆள் இரார்.

நீர்வேலித் தோட்டக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வாழைக்குட்டி நட்ட அன்று ஒரு வெள்ளம் இறைத்துவிட்டு, ஒரு வருடம் கழித்துக் குலை வெட்டக் கத்தியோடு வருபவரை எவரும் தோட்டக்காரர் என்று சொல்லார். முறை தவறாமல் இறைப்பவருக்கே குலை. காற்றிலே மரம் சாய்ந்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். தாய்மரம் போனால் பக்கக்கன்றைப் பார்த்து எடுக்கவேண்டும். மீட்புப்பணியும் இவ்வாறே இறைப்புமுறைப்படி நடக்க வேண்டிய ஒன்று.

நம் பெரியோர் கோயிற் காரியத்திலே இதனை நன்கு அறிந்திருந்தனர். கும்பாபிஷேகம் ஒருநாள், அதற்குப் பின்வரும் நித்திய பூசை என்றும் உள்ளது. கோபுரத்துக்குப் பணம் கொடுத்தவரின் பெயர் கல்லிலே இருக்கும். நாள்தோறும் விளக்குக்கு எண்ணெய் கொடுத்தவரின் பெயர் எங்கும் இராது. ஆயினும் இருட்டிலே கோயிலைக் காட்டுவது அந்த எண்ணெயே. நூலகத் திருப்பணிக்கும் கும்பாபிஷேகம் நடந்துவிட்டது. நித்திய பூசையை யார் செய்வது?

எரிந்த நூல் மீளுமா?

கட்டடத்தைக் கட்டலாம், அச்சிலுள்ள நூலை மறுபடியும் வாங்கலாம். ஒரேயொரு பிரதியாக இருந்த ஏடும், ஒருமுறை மட்டும் அச்சான சிறுநூலும், பழைய பத்திரிகைத் தொகுதியும் எரிந்துவிட்டால் கோடி ரூபாய் கொடுத்தாலும் வாரா. அவற்றை மீட்க ஒரே வழி, வேறெங்கோ தப்பியிருக்கும் பிரதியைத் தேடிக் கண்டுபிடித்துப் படியெடுப்பதே.

இப்பணியை இளைஞர்களே தொடங்கினர் என்பது நமக்குப் பெருமை தருவது. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சிறப்பு மலர்களையும் படம்பிடித்து, உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் பணம் கொடாமல் வாசிக்கும்படி இணையத்திலே வைத்துவருகின்றது. தொண்டர்களின் உழைப்பும் அன்பர்களின் நன்கொடையுமே அதன் முதல். செல்லப்பா அவர்கள் 1933இல் விரும்பிய இலவசத் தமிழ் நூல்நிலையம் வேறோர் உருவத்திலே வளர்ந்து வருகின்றது என்றே நான் கருதுகின்றேன். ஓரிடத்திலே தீ வைத்தாலும் மற்றோரிடத்திலே பிரதி இருக்கும் என்பதே அதன் சிறப்பு.

நம் கடமை

இனி நம் ஊரை நோக்குவோம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, வீட்டு அலுமாரிகளிலும் பரண்களிலும் இருந்த எத்தனையோ எழுத்துக்கள் கேட்பாரற்று அழிந்தன. அவையும் ஒரு நூலகமே. ஆனால் அவற்றுக்குப் பட்டியல் இல்லாதபடியால் எவை போயின என்பதும் நமக்குத் தெரியாது. தப்பியவை இன்னும் சில வீடுகளிலே இருக்கின்றன: கோயிற் கும்பாபிஷேக மலர், திருவூஞ்சற் பாட்டு, பாடசாலை மலர், பழைய பஞ்சாங்கம், அந்தியேட்டி தினத்தில் வெளியிட்ட கல்வெட்டு, பாட்டனார் கையெழுத்திலுள்ள கணக்குக் கொப்பி, பனையோலை ஏடு. வெளிநாடு சென்ற பிள்ளைகள் வீட்டை விற்கும்போது இவை பழைய கடதாசியாகக் குப்பைக்குப் போகின்றன. இதற்குத் தீ வேண்டியதில்லை. நம் அசட்டையே போதும்.

ஆகவே மூன்று காரியங்களை மன்றத்தின் அங்கத்தவர்களுக்கும் பெரியோர்களுக்கும் பணிவுடன் விண்ணப்பிக்கின்றேன்.

முதலாவது, பிடியரிசி முறையில் ஒரு சிறு நிதி. ஆபத்து வந்தபின் தொடங்குவதன்று. ஆபத்து வருமுன் தொடங்குவது. மாதந்தோறும் ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகை, பற்றுச்சீட்டு, ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே வாசிக்கும் கணக்கு. தொகை சிறிதாயிருப்பதில் வெட்கமில்லை. கணக்கு இல்லாதிருப்பதே வெட்கம்.

இரண்டாவது, ஊரிலுள்ள எழுத்துக்களுக்கு ஒரு பட்டியல். இளைஞர் இருவர் இருவராக வீடுதோறும் சென்று, பெரியோரின் அனுமதியோடு, எந்த வீட்டில் என்ன இருக்கின்றது என்று எழுதிக்கொள்ளட்டும். பொருள் வீட்டுக்காரருடையதே, படம்பிடித்தபின் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடங்களிலேனும் பிரதி இருக்கட்டும்.

மூன்றாவது, ஒரு காரியத்துக்கு உதவத் தொடங்கினால் ஐந்தாண்டுக்கு முன் கைவிடுவதில்லை என்ற நியமம். வெள்ளத்தாலோ புயலாலோ தீயாலோ ஒரு குடும்பம் துன்புற்றால், முதல் வாரத்து உணவுப்பொதியோடு நம் வேலை முடிந்ததென்று எண்ணாமல், அக்குடும்பத்துப் பிள்ளை பரீட்சை எழுதும்வரை பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றல் வேண்டும். பத்துக் குடும்பத்துக்கு ஒருமுறை கொடுப்பதிலும் இரண்டு குடும்பத்தோடு பத்தாண்டு நிற்பது மேலானது.

மூத்தோர்களே! நீங்கள் எரிந்ததைக் கண்டவர்கள், கொடுத்தவர்கள், கொடுத்தது மறுபடியும் அழிந்ததையும் கண்டவர்கள். 'எத்தனைமுறை கட்டுவது?' என்ற சலிப்பு உங்களுக்கு வருவது நியாயமே. இளைஞர்களே! நாம் வெள்ளைச் சுவரை மட்டுமே கண்டவர்கள். கரிபடிந்த தூண்களைக் கண்டிலோம். அதனால் நமக்குச் சலிப்பில்லை. ஆனால் நினைவும் குறைவு. மூத்தோரின் நினைவும் இளையோரின் கால்வலியில்லாத நடையும் ஒன்று சேருமாயின் இவ்வேலை நடைபெறும்.

844 நூல்களோடு தொடங்கியவர்கள், அது 97,000 ஆகும் என்று அறிந்து தொடங்கவில்லை. நாளுக்கு ஐந்தாறு நூலாக அது வளர்ந்தது. அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் நீர்வேலியிலிருந்து நூறு எழுத்துக்களையேனும் காப்பாற்றிப் பட்டியலிடுவோமாக.